தீபாவளிக்கு ஊருக்குப் போற டெய்லருங்க திரும்பி வர மாட்டேங்கிறாங்க. கூலி, போனஸ் தவிர வேற என்ன செய்யறீங்க?

நூல்கண்டு (கேள்வி):

வணக்கம். திருப்பூர்ல பல்லடம் ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேன், மத்த கம்பெனிங்க கொடுக்கற துணியைக் கூலிக்குத் தைச்சுக் கொடுக்கறது. தையல் மெஷின்ல சிங்கர் 6, ஓவர்லாக் 6, பேட்லாக் 4. டெய்லர், அவங்களுக்குக் கை உதவிக்கு இருக்கற கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 28 பேர். மூணு வருஷமா நடத்துறேன். அதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா இருந்தேன். அதனால பையர், ஷிப்மெண்ட், காஸ்டிங் எல்லாம் தெரியும். ஆளுங்களை வச்சு வேலை வாங்குறதை இங்க வந்துதான் கத்துக்கிட்டு இருக்கேன்.

சனிக்கிழமை சம்பளம் ஒரு வாரம் கூட தள்ளிப் போனதில்லை. போனஸும் பேசினபடி கொடுத்துடுறேன். ஆனாலும் போன தீபாவளிக்கு ஊருக்குப் போன 28 பேர்ல திரும்பி வந்தது 15 பேர்தான். மீதிப் பேர் வேற கம்பெனி கேட்டுல 'டெய்லர் தேவை' போர்டு பார்த்துச் சேர்ந்துட்டாங்க. புது ஆளுங்க வந்து கை பழகுறதுக்குள்ள சம்மர் ஆர்டர் பீஸ் வந்து இறங்கிடுச்சு. தப்பாத் தைச்சதைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கற ஆல்ட்ரேஷன் மட்டும் மலை மாதிரி குவிஞ்சு கிடந்தது. டிசம்பர் முழுக்க நான் ராத்திரி வீட்டுக்கே போகலை.

போனவங்கள்ல ஒரு சிங்கர் டெய்லரை ஜனவரியில டீக்கடையில பார்த்தேன். "அங்க ரேட்டு கூடவாண்ணா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க, அதே ரேட்டுதான்"னார். அப்புறம் ஏன்னு கேட்டதுக்கு, "அங்க கொஞ்சம் மனசுக்கு நல்லாருக்குங்க"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு டீயைக் குடிச்சார். அந்த வார்த்தை இன்னைக்கு வரைக்கும் என்னை விட்டுப் போகலை.

நான் யாரையும் திட்டுறவன் இல்லை. ஆனா பாராட்டவும் தெரியாது. எங்க வீட்டுல யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பார்த்ததில்லை. அப்பா சாப்பாடு நல்லாருந்தா இன்னொரு கரண்டி கேட்பார், அதுதான் பாராட்டு. வேலை செய்யறவங்க முன்னாடி நின்னு "ரொம்ப நன்றிங்க"ன்னு நான் சொன்னா மேடையில பேசுற மாதிரி எனக்கே கூச்சமா இருக்கு. போன வருஷம் எல்லாருக்கும் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன். 'சிறந்த தொழிலாளி'ன்னு ஒருத்தருக்கு ஷீல்டும் கொடுத்தேன். வாங்கினவர் தலை குனிஞ்சு நின்னார், மத்தவங்க முகம் சுண்டிப் போச்சு.

இந்தத் தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. சின்னச் சின்னதா என்ன செஞ்சீங்க, எது வேலைக்கு ஆச்சுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

கணக்குப்பிள்ளை:

நான் உங்களைப் போன்ற பத்துப் பன்னிரண்டு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதலில் அடிப்படையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 28 பேர் இருக்கும் இடத்தில் இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் கட்டாயம். போனஸும் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தாக வேண்டும், உச்சவரம்பு 20 சதவீதம். பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் முதலாளி எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அது தொழிலாளி காதில் ஏறாது. உங்களிடம் அந்தக் குறை இல்லை என்று நம்புகிறேன்.

போனஸைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கொடுக்காதீர்கள். பத்து நாள் முன்னால் கொடுங்கள். குழந்தைகளுக்குத் துணி எடுக்க, பஸ்ஸுக்கு முன்பதிவு செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கும். தொகை அதேதான். ஆனால் கடைசி நாள் ராத்திரி கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியிருக்காது.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அமித் குமார், நிகோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதை வாங்கியவர் என்ன நினைப்பார் என்று எழுதியவரிடம் முன்கூட்டியே கேட்டார்கள். பிறகு வாங்கியவரிடமும் கேட்டார்கள். அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் கூடுதலாகவே பயந்திருந்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியையோ குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். ஆகவே கூச்சம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. கேட்பவர் உங்கள் சொல்லழகுக்கு மார்க் போடப்போவதில்லை.

---

அனுப்பர்பாளையம் அக்கா:

தம்பி, உங்க எழுத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாளா யோசனையாவே இருந்துதுங்க. நான் 1992ல கைமடியா வேலைக்குச் சேர்ந்தவ. இப்ப 24 மெஷின் வச்சிருக்கேன். ரெண்டு பக்கத்துலயும் நின்னு பார்த்ததனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

கைமடின்னா என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியும். டெய்லர் தைச்சுத் தள்ளுற பீஸை எடுத்து, மடிச்சு, அடுத்ததை அவர் கைக்கு எட்டற மாதிரி வைக்கணும். நாலு வருஷம் அந்த வேலை பார்த்தேன். அந்த நாலு வருஷத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ புள்ள"தான். ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் பண்டல் எண்ண வந்தார். என் டேபிள்ல நின்னு டெய்லர்கிட்ட, "இந்தப் புள்ள அடுக்குற பண்டல்ல ஒரு பீஸ் சைஸ் மாறி நான் பார்த்ததில்லை"ன்னார். என்கிட்ட சொல்லலீங்க, டெய்லர்கிட்டத்தான் சொன்னார். சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார். அவர் குரல் எனக்கு இப்பவும் காதுல கேக்குது. அன்னைக்கு வரைக்கும் சும்மா அடுக்கிட்டு இருந்தவ, மறுநாள்ல இருந்து ஒவ்வொரு பண்டலையும் ரெண்டு தடவை எண்ண ஆரம்பிச்சேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லலை.

அவர் "நல்லா வேலை செய்யுற"ன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன். பண்டலு, சைஸுன்னு என் கையில நடக்குறதைச் சொன்னார் பாருங்க, அதனால இவர் பார்த்திருக்கார்னு தெரிஞ்சுது. உங்க ஷீல்டு ஏன் யார் மனசுலயும் ஒட்டலைன்னு இப்பப் புரியுதுங்களா? 'சிறந்த தொழிலாளி'ன்னு போட்டா எதுல சிறந்ததுன்னு வாங்கினவருக்கே தெரியாது. மீதி 27 பேரும் மட்டம்னு சொன்ன மாதிரியும் ஆயிடுச்சு. தயவு செஞ்சு இந்த வருஷம் ஷீல்டு வேண்டாம்.

நான் செய்யறது இதுதான். ஒரு கோடு போட்ட நோட்டு வச்சிருக்கேன். வாரம் பூரா கம்பெனிக்குள்ள சுத்தறப்ப கண்ணுல படறதை ஒரு வரி எழுதிக்குவேன். 'புதன்கிழமை, ரெண்டாவது ஓவர்லாக், நூல் டென்ஷன் சரியில்லைன்னு அவரே நிறுத்திட்டுக் கூப்பிட்டார்.' அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பளக் கவரை சூப்பர்வைசர் கையில கொடுத்து அனுப்ப மாட்டேன். நானே கொடுப்பேன். கொடுக்கறப்ப அந்த ஒரு வரியைச் சொல்லுவேன். எல்லாருக்கும் எல்லா வாரமும் இருக்காது. இல்லாதவங்களுக்குக் கவரைக் கொடுத்துட்டு "சாப்டீங்களா"ன்னு கேட்டுட்டு விட்டுடுவேன். பார்க்காததை மட்டும் ஒரு நாளும் சொல்லாதீங்க தம்பி. பொய்ப் பாராட்டு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சுடும். அப்புறம் நீங்க சொல்ற நிசமும் எடுபடாது.

இதனால என்ன லாபம்னு கேப்பீங்க. ஒண்ணு சொல்றேன். எங்ககிட்ட ஒரு செக்கிங் அக்கா இருந்தாங்க. ஒரு ஷிப்மெண்ட்டுக்கு முந்தின ராத்திரி, ஏழு மணி இருக்கும், கையெல்லாம் நடுங்க என்கிட்ட வந்தாங்க. எல் சைஸ் பண்டல்ல எம் லேபிள் ஏறியிருக்கு. 1,200 பீஸ், பாதிக்கு மேல பாலிபேக்ல போயாச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லீங்க. ஆனா அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தேன். முன்னாடி வேலை செஞ்ச இடத்துல, தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னவங்களுக்குத்தான் மொதல் திட்டு விழுமாம். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்த"ன்னு. அந்தப் பயத்தோடவே வந்திருக்காங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். எல்லாரும் உக்கார்ந்து லேபிளைப் பிரிச்சு மாத்தித் தைச்சு முடிக்க மணி ரெண்டு ஆச்சு.

அந்த வாரச் சனிக்கிழமை எல்லாரையும் நிறுத்தி வச்சுச் சொன்னேன்: "இந்தச் சரக்கு அப்படியே போயிருந்தா பையர் நம்ம பில்லுல பிடிக்கற டெபிட்ல நம்ம மூணு மாச வரும்படி போயிருக்கும். தடுத்தது இந்த அக்கா." அவங்க வச்சிருந்த டேப் நைஞ்சு நம்பரே தெரியாம இருந்துது. புது டேப் ஒண்ணும், செக்கிங் டேபிள் உயரத்துக்கு ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டேன். அதுக்கு என்ன பெரிய செலவு ஆயிடப்போகுது. ஆனா அன்னையில இருந்து எங்க கம்பெனியில டேமேஜ் 500 பீஸ்ல தெரியறதில்லை, 50 பீஸ்லயே என் காதுக்கு வந்துடுது. யாரும் மறைக்கறதில்லை. ஜாப் ஒர்க்ல இதை விடப் பெரிய லாபம் எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க.

இன்னொண்ணு. நம்ம சம்பளப் பட்டியல்ல இல்லாதவங்களையும் மறந்துடாதீங்க. பீஸ் எடுக்க ராத்திரி ஒரு டெம்போ டிரைவர் வருவார். வெளிய வண்டியிலயே உக்கார்ந்திருப்பார். நைட் ஓடுற நாள்ல ஆளுங்களுக்கு டிபன் சொல்றப்ப அவருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் சொல்லிடுவேன். அவரும் எங்களோட உள்ள உக்கார்ந்து சாப்பிடுவார். 2011 ஜனவரி கடைசியில ஐகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடினாங்களே, ஞாபகம் இருக்கும். சாயக்கழிவால நொய்யல் ஆறு இருந்த இருப்புக்கு அது வந்தே தீர வேண்டிய உத்தரவுதான். ஆனா எங்களுக்குத் துணி வரலை. மெஷினுக்கெல்லாம் துணி போட்டு மூடிட்டு வாரத்துல ரெண்டு நாள் ஓட்டினோம். அப்ப ஒரு நாள் அந்த டிரைவர் லோடு இல்லாமயே வந்தார். "அக்கா, அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வெளியூர்ல சாயம் போட்டுத் துணி வந்து இறங்குது. தைக்க நம்பிக்கையான யூனிட் தேடுறாங்க. உங்க பேரைச் சொல்லியிருக்கேன், நாளைக்குக் காலையில போங்க"ன்னார். அந்த வேலைதான் அடுத்த அஞ்சு மாசம் எங்க அடுப்பை எரிய வச்சுது.

---

உசிலம்பட்டிக்காரன்:

அண்ணே, நான் முதலாளி இல்ல. பேட்லாக் டெய்லர். பதினேழு வருசமா திருப்பூர்ல இருக்கேன். எங்க பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை.

நாங்க தீபாவளி முடிஞ்சு ஏன் கம்பெனி மாறுறோம்னு கேக்குறீங்க. ஒரு தடவ ஊர்ல இருந்து வந்து பைய வச்சிட்டு நேரா கம்பெனிக்குப் போனேன். என் மெஷின்ல வேற ஆளு உக்காந்திருந்தான். நான் வச்சிட்டுப் போன கத்தரியக் காணோம். சீட்டுல போட்டிருந்த துணியத் தூக்கி மூலையில எறிஞ்சிருந்தாங்க. சூப்பர்வைசர், "அந்தக் கடைசி மெஷின்ல உக்காருப்பா, எல்லாம் ஒண்ணுதான்"னார். எல்லாம் ஒண்ணு இல்லண்ணே. ஒரு டெய்லருக்கு அவன் மெஷின் பெடல் எவ்வளவு அமுத்தினா எவ்வளவு ஓடும்னு காலுக்குத் தெரியும். அன்னைக்குச் சாயந்தரமே வேற எடத்துக்குப் போயிட்டேன்.

இப்ப இருக்குற எடத்துல ஆறு வருசமா இருக்கேன். மொத வருசம் தீபாவளி கழிச்சு வந்தா, என் மெஷின் தொடச்சு, எண்ணெய் போட்டு, மூடி வச்சிருந்துச்சு. கத்தரி டிராயர்லயே இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் வருவேன்னு இவங்க நெனச்சிருக்காங்கன்னு எனக்கே வெளங்கிருச்சு. வேற கேட்டுப் பக்கம் அதுக்கப்புறம் போகத் தோணல.

ஸ்வீட் பாக்ஸ் பத்திச் சொன்னீங்க. கொடுங்க, புள்ளைக சந்தோசப்படும். ஆனா வாட்ச்மேன்கிட்ட அடுக்கி வச்சிட்டு "போறப்ப எடுத்துக்கங்க"ன்னு சொல்லாதீங்க. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டுட்டுக் கையில கொடுங்க. ஊசி ஒடஞ்சிருச்சு, துணிய மடிச்சுக் கொடுக்குற போல்டர் சரியில்லைன்னு ஒருத்தன் காலையில சொன்னா அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள வாங்கிக் கொடுத்துருங்க. பீஸ் ரேட்டுல ஓட்டுறவனுக்கு அதுதாண்ணே மரியாத. ரெண்டு நாள் கெட்ட போல்டரோட ஓட்டுனா அவன் கூலிதான் கொறையுது.

---

இரண்டாம் ஷிப்ட்:

உங்க யூனிட்ல ஒடிசா ஆளுங்க இருக்காங்களான்னு எழுதலை. எங்க லைன்ல பாதிப் பேர் அந்த ஊர்ப் பெண்கள்தான். நான் சூப்பர்வைசர். தீபாவளிக்கு நாம செய்யறதெல்லாம் சரி, அவங்களுக்குப் பெரிய பண்டிகை வேற. ஜூன் நடுவுல ரஜ பர்வம்னு மூணு நாள் வரும். அங்க மரத்துல ஊஞ்சல் கட்டி ஆடுவாங்க. அந்த நாள்ல மண்ணை உழ மாட்டாங்க, பெண்களுக்கும் வீட்டு வேலையில இருந்து ஓய்வு. போன வருஷம் ஒரு பெண் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். ஒரு நாள் மதியத்தோட வேலையை முடிச்சு, ஹாஸ்டல் வேப்பமரத்துல கயிறு கட்டிக் கொடுத்தோம். அன்னைக்கு அந்தப் பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பை அதுக்கு முன்னாடி லைன்ல நான் பார்த்ததே இல்லை. கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க.

---

நூல்கண்டு (கேள்வி கேட்டவர்):

எல்லாருக்கும் பதில் எழுத ரெண்டு மாசம் ஆயிடுச்சு, மன்னிக்கணும். நடந்ததை எழுதிட்டு முடிச்சுடலாம்னு காத்திருந்தேன்.

அக்கா, நீங்க சொன்ன மறுநாளே நோட்டு வாங்கினேன். முதல் வாரச் சனிக்கிழமை திறந்து பார்த்தா 28 பேர்ல 9 பேரைப் பத்தி ஒரு வரி கூட எழுத முடியலை. அவங்க என்ன செய்யறாங்கன்னு மூணு வருஷமா நான் பார்க்கவே இல்லைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சுது. ரொம்ப வருத்தமா இருந்தது. அந்த ஒன்பது பேர்ல அயர்ன் மாஸ்டரும் ஒருத்தர்.

அடுத்த வாரம் ஒரு மதியம் அயர்ன் டேபிள் பக்கத்துல அரை மணி நேரம் நின்னேன். எண்ணெய்க் கறை பட்ட பீஸையெல்லாம் அவர் தனியா எடுத்து வச்சு, சாப்பாட்டு நேரத்துல அவரே கறை எடுத்து, காய வச்சு, திரும்ப அயர்ன் போட்டு பேக்கிங்குக்கு அனுப்புறார். அது அவர் வேலையே இல்லை. சனிக்கிழமை கவர் கொடுக்கறப்ப, "கறைப் பீஸ் எல்லாம் நீங்களே எடுத்துச் சரி பண்ணுறதைப் பார்த்தேண்ணா"ன்னு சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கினது. அவர் தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டார். திங்கட்கிழமை காலையில நேரா ஆபீஸ் ரூமுக்கு வந்து, "பாய்லர்ல ஒரு எடத்துல ஸ்டீம் லீக் ஆகுதுங்க, நாலு மாசமா இருக்கு. கரண்டு வீணாப் போகுது"ன்னார். மெக்கானிக் வந்து ஒரு வாஷரை மாத்தினார். நாலு மாசமா அதைச் சொல்லணும்னு அவருக்குத் தோணலை, சொல்ற மாதிரி நானும் இருந்திருக்கலை.

போனஸ் 11 நாள் முன்னாடியே கொடுத்துட்டேன். பாக்ஸ் கையில கொடுத்தேன். கூட்டுக் குடும்பமா இருக்கற ரெண்டு பேருக்கு ரெண்டு பாக்ஸா கொடுத்தேன். உசிலம்பட்டி அண்ணே, லீவு நாள்ல நானும் மெக்கானிக்குமா பதினாறு மெஷினையும் தொடச்சு, எண்ணெய் போட்டு மூடி, ஒவ்வொண்ணு மேலயும் அவங்கவங்க பேரை எழுதி வச்சோம். வர்றவங்க முகத்தைப் பார்க்கணும்னு காலையில எட்டு மணிக்கே கேட்டுக்கிட்ட போய் நின்னுட்டேன்.

28 பேர்ல 22 பேர் வந்துட்டாங்க. ஒரு ஓவர்லாக் டெய்லர் மச்சானையும் கூட்டிட்டு வந்தார். ஆறு பேர் வரலை. அதுல ரெண்டு பேர் ஊர்லயே கடை வச்சுட்டாங்களாம், மத்தவங்களைத் தெரியலை. எங்ககிட்ட ஒடிசாப் பெண்கள் நாலு பேர் இருக்காங்க, ஜூனை நோட்டுல குறிச்சு வச்சுட்டேன்.

இன்னொண்ணும் செஞ்சேன். அந்த சிங்கர் டெய்லரைப் போன வாரம் அதே டீக்கடையில பார்த்தேன். திரும்ப வரச் சொல்லிக் கேட்கலை. "முன்ன ஒரு காலர் டீ-சர்ட் ஆர்டர் ஓட்டினோமேண்ணா, அதுல நீங்க வச்ச பட்டன் பட்டியில ஒரு பீஸ் கூட ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வரலை. அப்பவே சொல்லியிருக்கணும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்த நேவி ப்ளூ ஆர்டருங்களா?"ன்னு கேட்டார். ஆமாம்னேன். பர்ஸை எடுக்கப் போன என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, ரெண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.